மிச்சிகன் ரீகனெக்ட்: யாருக்குக் கிடைக்கும்?

பாதியில் நின்ற படிப்பை வயது வந்தபின் தொடர, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2021இல் தொடங்கிய உதவித்தொகை இது.

வயது 25 ஆகியிருக்க வேண்டும்.
மாநிலத்தில் ஓராண்டாவது குடியிருந்திருக்க வேண்டும்.
பள்ளிப் படிப்பு முடிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பட்டம் வாங்கியவருக்கு இடமில்லை, அது ஈராண்டுப் பட்டமானாலும்.
சில பாடங்களை மட்டும் முடித்துவிட்டு நின்றவருக்குத் தடையில்லை.

ஃபாஃப்சா என்னும் நிதியுதவி விண்ணப்பம் கட்டாயம்.
மத்திய அரசின் பெல் உதவித்தொகை முதலில் கழியும். மீதிக் கல்விக் கட்டணத்தை மாநிலம் கட்டும்.

சொந்த வட்டாரச் சமுதாயக் கல்லூரி என்றால் கல்விக் கட்டணம் முழுதும் அடங்கிவிடும்.
வெளி வட்டாரம் என்றால் கூடுதல் தொகை மாணவர் பொறுப்பு.
வீட்டு வாடகையும் பயணச் செலவும் எங்கே படித்தாலும் மாணவர் பொறுப்புதான்.