ஒற்றை வாய்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால், ஏறாவூருக்கு முன்னால் வருவது தன்னாமுனை. கனடாவிலிருந்து திரும்பிய என் மச்சான் அங்கே வாவிக்கு அருகில் வீடு கட்டியிருக்கிறார். பின்வளவில் 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு நீச்சல் குளம். வாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டி கட்டுகிறார் என்று ஊரார் சிரித்தார்கள். வாவியில் முதலை உண்டு. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளையை அதில் இறக்கத் தாய்க்கு மனம் வரவில்லை. பேத்திக்காகவே அந்தக் குளம்.

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் அங்கே போயிருந்தேன். எட்டு வயதுப் பேத்தி முங்கி எழும்பிக் கரைக்கு வந்தாள்.

"தாத்தா, அடியில ஒரு வாய் இருக்குது. கையை வச்சா இழுத்துப் பிடிக்குது. நல்ல விளையாட்டு."

நான் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பம்பியை நிறுத்தினேன்.

"ஏன் நிற்பாட்டினாய்? தண்ணி பச்சையாகப் போகுது" என்றார் மச்சான்.

"அடிவாய் எத்தனை மச்சான்?"

"ஒன்றுதான்."

"மேல்வாய்?"

"அதை மூடிப் போட்டேன். காத்தை இழுத்துக் கடகடவென்று சத்தம் போடுது."

நடந்தது விளங்கிவிட்டது. இத்தகைய குளத்தில் பம்பிக்கு நீர் இரண்டு வழியால் வருகிறது. ஒன்று, சுவரில் நீர்மட்டத்தோடு இருக்கும் ஸ்கிம்மர். மிதக்கும் இலை, தூசி, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றை அது வாங்கிக்கொள்ளும். மற்றது தரையிலுள்ள வடிகால். இரண்டின் நீரும் பம்பியில் கூடி, வடிகட்டியைக் கடந்து, சுவரிலுள்ள திரும்பு குழாய்களால் மீண்டும் குளத்தை அடையும். எந்த வழியால் எவ்வளவு வரவேண்டும் என்பதை இரண்டு வால்வுகள் தீர்மானிக்கும்.

நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுவில் நிற்கவேண்டும். ஆகஸ்ட் மாதத்துக் கச்சான் காற்று குளத்து நீரை நாளுக்கு நாள் குடித்துவிடுகிறது. மட்டம் இறங்கியதும் ஸ்கிம்மர் காற்றை இழுக்கிறது. கிணற்று நீரால் மட்டத்தை உயர்த்தியிருந்தால் போதும். மச்சான் அதைச் செய்யாமல் வால்வை மூடினார். பம்பியின் முழு இழுவையும் அடியிலிருந்த ஒற்றை வாய்க்குப் போய்விட்டது.

அந்த இழுவை எவ்வளவு? பம்பி இழுத்துக்கொண்டிருக்கும்போது வேறு வழியில்லாத ஒரு வாயை அடைத்தால், குழாயினுள் வெற்றிடம் உருவாகும். அது வளிமண்டல அழுத்தத்தின் பாதியை எட்டினால், அடைத்திருக்கும் பொருளின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் அரைக் கிலோ பாரம் அழுத்தும். 20 சென்ரிமீற்றர் சதுர வடிகாலை ஒரு பிள்ளையின் முதுகு மூடினால் 200 கிலோ. உள்ளங்கை சிறியது, மூடியிலும் இடைவெளிகள் இருந்தன. ஆகவே அன்று அது விளையாட்டாக முடிந்தது. அவளுடைய நீண்ட தலைமயிர் அந்த மூடிக்குள் போயிருந்தால் முடிச்சாகிச் சிக்கியிருக்கும். பம்பியை நிறுத்தினாலும் உடனே விடுபடாது.

இதை நான் முன்னரே அறிந்திருந்தேன் என்பதுதான் அன்று என்னைச் சுட்டது. அமெரிக்காவின் முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி, 2002 ஜூனில் ஒரு சுடுநீர்த் தொட்டியின் வடிகால் இழுவையில் சிக்கி மூழ்கி இறந்தாள். இரண்டு பேர் சேர்ந்து இழுத்த பின்னரே, அதுவும் மூடி உடைந்ததால், அவளை வெளியே எடுக்க முடிந்தது. தாய் நான்சி பேக்கர் விடாது போராடினார். 2007 டிசெம்பரில் அச்சிறுமியின் பெயரிலேயே ஒரு சட்டம் நிறைவேறியது. பாதுகாப்பற்ற வடிகால் மூடிகளின் விற்பனையை அது தடைசெய்தது. பொதுக் குளங்களில் ஒற்றை வடிகாலுக்கு மேலதிகப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது.

அந்தச் செய்தி என் மேசைக்கு வந்தது. யுத்த காலம். எங்கள் பக்கங்களில் இடம்பெயர்ந்தோருக்கே இடம் போதவில்லை. நம்மவர் வீட்டில் நீச்சல் குளம் எங்கே இருக்கிறது என்று எண்ணி, அதை ஒதுக்கிவைத்தேன். அன்று அந்த முடிவு சரியாகவே பட்டது.

மச்சானிடம் இதைச் சொன்னேன். "பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் பயம்தான்" என்று சிரிக்கத் தொடங்கியவர், பேத்தியின் ஈரத் தலையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலையே நீர்மட்டத்தை உயர்த்தினோம். ஸ்கிம்மர் வால்வை முழுதாகவும் அடி வால்வைக் கால் பங்காகவும் திறந்தோம். இரண்டையும் நெரித்தால் பம்பி நீரின்றித் தவிக்கும். திரும்பு குழாயில் குமிழி வருவது அதன் அடையாளம். திரும்பு குழாய்களின் முகத்தை ஒரே திசையில், சற்றுக் கீழ்நோக்கித் திருப்பியதும் நீர் மெல்லச் சுற்றத் தொடங்கியது. படிக்கட்டு மூலையில் தேங்கியிருந்த பச்சை, தூரிகையும் குளோரினும் சேர, மூன்றாம் நாள் மறைந்தது. அந்தக் குளத்தில் ஏறக்குறைய 45,000 லீற்றர் நீர். மணிக்கு 6,500 லீற்றர் இறைக்கும் பம்பி ஏழு மணித்தியாலத்தில் அவ்வளவையும் சுற்றிவிடும். இழுவையைக் கூட்டத் தேவையில்லை, வழிகளைச் சமன்செய்தால் போதும்.

வால்வைத் திருப்பியது தற்காலிக ஏற்பாடுதான். நாளைக்கு இன்னொருவர் அதை மீண்டும் மூடலாம். ஆகவே செப்டெம்பரில் குளத்தை வற்றவைத்து, ஒரு மீற்றர் தள்ளி இரண்டாவது அடிவாய் வைத்து, இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தார்கள். ஒன்றை உடல் மறைத்தால் மற்றதால் நீர் வரும், வெற்றிடம் ஏறாது. தட்டையான மூடிகளுக்குப் பதிலாகக் குவிந்த மூடிகள் வந்தன. பம்பியின் ஆளி கைக்கெட்டும் தூரத்துக்கு மாற்றப்பட்டது. மாரி மழைக்கு முன்பே இதைச் செய்தாக வேண்டியிருந்தது. வாவிக்கரையில் நிலத்தடி நீர் ஏறினால் வெறுங்குளத்தையே மேலே தூக்கிவிடும்.

வேலை நடந்தபோது மச்சான் வாவியைக் காட்டிச் சொன்னார்: "இதுக்கும் பாலமீன்மடுவில ஒன்று, கல்லாற்றில ஒன்று என்று ரெண்டு வாய்தானே." கோடையில் மணல் மூடும் அந்த முகத்துவாரத்தை மாரியில் எப்போது வெட்டுவது என்று விவசாயிகளும் மீனவர்களும் வாதிடுவதைப் பற்றி எத்தனையோ தடவை செய்தி எழுதியிருக்கிறேன். வாவியின் வாயைப் பற்றி அவ்வளவு எழுதியவன், தொட்டியின் வாயைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

பிள்ளை கனடாவுக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த ஆகஸ்டில் வருவாள். புலம்பெயர்ந்தோர் ஊரில் கட்டும் வீடுகளிலும் விடுதிகளிலும் இப்போது குளங்கள் பெருகுகின்றன. உங்கள் வீட்டில் குளம் இருந்தால், பிள்ளைகள் இறங்குமுன் அடிவாய் எத்தனை என்று ஒருமுறை பாருங்கள். 2007இல் நான் ஒதுக்கிவைத்த செய்தி இதுதான்.