தன்னுடலும் பிறருடலும்

நலமாயிருக்கும் உடல் தன்னை உணர்த்துவதில்லை. பல் நோகும்வரை பல்லை எவரும் எண்ணுவதில்லை. மருத்துவம் கற்கப் புகும் மாணவன் முதலில் இழப்பது இந்த இனிய மறதியையே எனலாம். தெல்தோட்டைப் பகுதியிலே, தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, 1962 இல் தொடங்கப்பெற்ற பேராதனை மருத்துவ பீடத்திற்குத் தெரிவான மாணவன் ஒருவனின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

பல்கலைக்கழகத்தை ஊடறுக்கும் கலஹா வீதியே மலையேறி அவனது ஊரைச் சென்றடைகின்றது. ஆயினும் முதலாண்டில் அவ்வூர் அவனுக்கு வெகுதொலைவாயிற்று. காலையிற் பிரேதத்தின் முன்கையை அறுத்துப் பார்த்தவன், மதியம் சோற்றைப் பிசையும் தன் விரல்களை இழுக்கும் தசைநாண்களைக் கண்டு கையை நிறுத்தினான். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடித்தால், நடுவே ஒரு நாண் புடைத்தெழும். சிலருக்கு அது பிறவியிலேயே இல்லை. அன்றிரவு விடுதியில் அனைவரும் தத்தம் மணிக்கட்டை மடித்துப் பார்த்தனர். இதயமானியை வாங்கியதும் அவன் முதலிற் கேட்டது தன் நெஞ்சின் ஓசையைத்தான்.

வியப்பு அச்சமாக மாறியது நோயியல் படிக்கும் காலத்திலாகும். கழுத்திலே ஒரு சிறு நிணநீர்க்கணு கைக்குத் தட்டுப்பட்டது. புற்றுநோய் பற்றிய அத்தியாயத்தை மூன்று முறை வாசித்தான், நித்திரை கெட்டது, அதனால் நெஞ்சு படபடத்தது, அப்படபடப்பும் மற்றொரு நோயின் குறியாகத் தோன்றிற்று. ‘மருத்துவ மாணவர் நோய்’ என வழங்கும் இந்நிலை மிகப் பரவலானது என 1966 இல் அமெரிக்க ஆய்வாளர் எழுதினர். 2004 இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வோ, மருத்துவ மாணவரின் நோயச்சம் ஏனைய மாணவருடையதிலும் மிகுதியன்று எனக் கண்டது. எவ்வாறாயினும், அச்சங்கொண்டவனுக்கு அது மெய்யே. இளைஞர் பலரிடம் இத்தகைய கணுக்கள் தட்டுப்படும், அவை தீங்கற்றவை என்று விரிவுரையாளர் ஒருவர் தொட்டுப் பார்த்துக் கூறிய பின்னரே அவன் தேறினான்.

விடுமுறையில் ஊர் திரும்பினான். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் அவ்வூருக்கு அண்மையிலேயே உள்ளது. கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையிற் சுமக்கும் பெண்களின் வரிசையும் அக்காலத்திலிருந்து தொடர்வதே. மாலையிற் கூடையை இறக்கிய தாயின் கழுத்துத் தசைகள் ஒவ்வொன்றினதும் பெயரை அவன் அறிந்திருந்தான். அவள் படியேறி வந்து மூச்சிரைக்க அமர்ந்தபோது, கற்ற பழக்கத்தால் அவளது கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தான். அது வெளுத்திருந்தது.

“எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?”

“மேல் நோவுதான் தம்பி. நின்னா அரைப்பேர்தான் போடுவாங்க. அத விடு, ஒன் கழுத்துக் கட்டி என்னாச்சு? மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கேன்.”

தான் அச்சத்தோடு எழுதிய கடிதம் அப்போதே அவனுக்கு நினைவு வந்தது. இல்லாத நோய்க்காக அவள் நேர்த்தி வைத்திருக்கிறாள். இருக்கும் நோயோடு மலையேறியிருக்கிறாள். குருதிச் சோதனை சோகையை உறுதிசெய்தது. ரொட்டியோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்குமென அவன் விளக்கினான். வாழ்நாளெல்லாம் பறித்த கொழுந்தா தனக்குப் பகையென அவள் நகைத்தாள்; எனினும் உணவுக்குப் பின் சற்றுத் தாமதித்துக் குடிக்க இசைந்தாள்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளி பேசும் மொழியில் உடலை அறிவதன் பயன் யாதென அம்மாணவன் அன்று உணர்ந்தான். அவன் பாடநூலில் ‘மேல் நோவு’ என்றொரு நோய் இல்லை. அச்சொல்லுள் சோகையும் பசியும் களைப்பும் ஒருங்கே அடங்கியிருந்தன.

தன்னுடலைக் கூர்ந்து நோக்கப் பழகுவது மருத்துவக் கல்வியின் தவிர்க்கவியலாத படியாகும். தன் நாடியை எண்ணிப் பாராதவன் பிறர் நாடியை எண்ணக் கல்லான். ஆயின் உடலைக் கவனிக்கவும் ஓய்வு வேண்டும். அவ்வோய்வு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அதன்பின் அவன் தாய்க்கு எழுதிய கடிதங்கள் அவளுடைய மூச்சிரைப்பு எப்படியிருக்கிறது என்ற வினாவுடனேயே தொடங்கின.