அல்வாவுக்குக் குளியல் கிடையாது!

எங்க வீட்டு ஹாம்ஸ்டர் பேரு அல்வா. நிறம் அப்படி. திருநெல்வேலிக்காரன் வேற என்ன பேரு வைப்பான்?

'மரக்கடையில தூள் சும்மாவே கிடைக்கும்லா, அள்ளிப் போடுல'ன்னு பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்லுதாவ. போட்டுராதீங்க மக்கா! பொடித்தூள் மூச்சுல ஏறும். பைன், தேவதாரு மாதிரி வாசனை மரம்னா அந்த வாசனையே நுரையீரலைப் பதம் பார்க்கும். பஞ்சு அதைவிட மோசம். இழை காலைச் சுத்தி இறுக்கிரும். அச்சடிக்காத வெள்ளைப் பேப்பரைக் கிழிச்சு, குடைஞ்சு புதையுற மாதிரி அரையடி உயரத்துக்குப் போடுங்க. நனைஞ்ச மூலையை மட்டும் தினமும் எடுங்க. மொத்தமா மாத்தினா தன் வாசனையைத் தேடி மிரளும்.

தாமிரபரணிக்காரங்களுக்கு எதைப் பார்த்தாலும் குளிப்பாட்டணும்! ஆனா, இன்னைக்கு வீடுகள்ல வளர்ற சிரியன் ஹாம்ஸ்டர்கள்ல பெரும்பாலானவை 1930-ல சிரியாவின் அலெப்போ பக்கம் பிடிச்ச ஒரே குடும்பத்தோட வாரிசுங்க. வறண்ட பூமி ஜீவன். தண்ணியில முக்கினா ரோமத்து எண்ணெய் போயி, உடம்பு சில்லிட்டு, உயிருக்கே ஆபத்து. கழுவி, வறுத்து, நல்லா ஆறவச்ச ஆத்து மணலை ஒரு கிண்ணத்துல வைங்க. மாவு மாதிரி தூசி பறக்குற மண் ஆகாது. அல்வா அதுல புரண்டு எந்திரிச்சா நெய் தடவின மாதிரி மினுமினுப்பு!

ரோமம் திட்டுத்திட்டா கொட்டினா டாக்டர்கிட்ட காட்டுங்க. வால் பக்கம் ஈரமா இருந்தா அன்னைக்கே ஓடுங்க, ரெண்டு நாள் தாங்காது. நம்ம ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு.