நாலாவது அடியைக் காலியாக விடுவது

ஒரு புளூடூத் ஸ்பீக்கரும், 'ஆட்டிசத்துக்கு இந்த ராகம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலும் இருந்தால் இசை சிகிச்சை மையம் திறந்துவிடலாம் போலிருக்கிறது. மலேசியாவின் ரெம்பாவ் வட்டாரத்தில் பேசாத பிள்ளைகளோடு வாசிக்கும் வேலையைப் பார்த்து ஓய்ந்தவன் என்பதால் அப்படியொரு மையத்தின் திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். 'பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அங்கிள்' என்று மேடையில் அறிமுகம். அதுகூடப் பரவாயில்லை. பிறகு ஆனந்தபைரவி ராகத்தை ஓடவிட்டுப் பிள்ளைகளை வரிசையாகப் பாயில் படுக்கவைத்தார்கள். ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து சுவரோரம் போய் நின்றான். 'ஒத்துழைக்கவில்லை' என்று ஃபைலில் எழுதினார்கள். என்னைக் கேட்டால், அந்த அறையில் இசைக்குப் பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

ராகத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் ராக ஆராய்ச்சி மையமே நடத்தினார். அவரைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் மருந்துச் சீட்டு மாதிரி ராகம் எழுதிக்கொடுப்பது ஒரு வேலை, பேசாத பிள்ளையின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பது வேறொரு வேலை. இரண்டாவதில் என்ன வாசிக்கிறோம் என்பதைப் பிள்ளைதான் தீர்மானிக்கிறது. முன்னும் பின்னும் ஆடுகிறதா? அதுதான் அன்றைய காலப்பிரமாணம். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், எடுப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தாளம் தொடங்கும் சமத்தில் இருக்காது. மும்மூன்றாகத் திஸ்ரத்தில் ஆடும் பிள்ளைக்கு நந்நான்காகச் சதுஸ்ரத்தில் கைத்தட்டுப் பாட்டு போட்டால் அது ஏன் உங்கள் பக்கம் திரும்பப்போகிறது?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கோலாலம்பூர்ப் பயிலரங்கு எதுவும் இல்லை. பெடாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய உறுமி மேளக்காரர். விடிகாலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மதியத்துக்குமேல் லயத்து வீட்டு வாசலில் உறுமியோடு உட்கார்ந்திருப்பார். அவருடைய பேத்திக்குப் பேச்சு வரவில்லை. லியோ கான்னர் 11 பிள்ளைகளைப் பார்த்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதியது 1943இல். எங்கள் லயத்துக்கு அந்தப் பேச்சு அப்போதும் வந்து சேர்ந்திருக்கவில்லை. காத்து கருப்பு என்று பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் நாள் முழுக்க ஒரே சுருதியில் முனகுவாள். உறுமியின் இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்தால் வருவதும் முனகல்தான். கோயில் திருவிழாவில் அதே உறுமி கூட்டமாகக் கிளம்பினால் அலறி ஓடுகிறவள், தாத்தா தனியாக, தாழ்த்தித் தேய்க்கும்போது ஓடமாட்டாள். கிழவர் குச்சியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து மெதுவாக அவள் சுருதிக்குக் கொண்டுவருவார். சேர்ந்தவுடன் கையை எடுத்துவிடுவார். அவளும் நிறுத்துவாள். தலை திரும்பாது, கண் திரும்பாது. மூச்சு மட்டும் பிடித்திருக்கும். அதுதான் சமயம். வலப்பக்கத்தில் மெல்லிய குச்சியால் மூன்று அடி அடித்து நாலாவதை விட்டுவிடுவார். விட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். மறுபடி மூன்று. மறுபடி சுண்ணாம்பு. பல நாள் இப்படியே போனபின் ஒருநாள் நாலாவது இடத்தில் அவள் குதிகால் தரையில் விழுந்தது. பாட்டி கைதட்டப் போனாள். கிழவர் முறைத்த முறைப்பில் அந்தக் கை பாதியிலேயே நின்றது.

இந்தத் தொழிலில் எல்லாக் கஷ்டமும் அந்த நாலாவது அடியில்தான் இருக்கிறது. மூன்றை வாசிக்க யாருக்கும் வரும். நாலாவதை விட்டபின் சும்மா இருக்க வேண்டும். கை துடிக்கும். பக்கத்தில் அம்மா, 'தட்டுடா கண்ணா, சார் பாக்குறாரு பாரு' என்று பிள்ளையின் கையைப் பிடித்துத் தானே தட்டிவிடுவார். போச்சு. பிள்ளை எடுக்கவேண்டிய இடத்தை நாம் நிரப்பிவிட்டோம். ரொம்ப நேரம் காத்திருந்தாலும் ஆகாது. பிடித்த மூச்சை விட்டுவிட்டுப் பிள்ளை தன் உலகத்துக்குத் திரும்பிவிடும். அதற்குமுன் மறுபடி மூன்றைத் தொடங்கிவிட வேண்டும். எத்தனை நொடி என்று கேட்காதீர்கள், பிள்ளையின் தோளைப் பாருங்கள்.

பிற்பாடு படிக்கும்போதுதான் தெரிந்தது: அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் ஆங்கிலேய ஆசிரியர் கிளைவ் ராபின்சும் 1959இல் இங்கிலாந்தின் சன்ஃபீல்டு இல்லத்தில் ஆரம்பித்ததும் இதே வழிதான். பிள்ளை போடும் சத்தத்துக்குள் இருக்கும் சுருதியைப் பிடித்து அங்கிருந்து பியானோ வாசித்தார்கள். பியானோ என்பதால் அதற்குப் பெயர் கிடைத்தது, பாடத்திட்டம் கிடைத்தது. உறுமி இன்னும் சாமி ஊர்வலத்துக்குத்தான்.

படித்த இளையவர்கள் என்னிடம் 2017இல் வந்த ஓர் ஆய்வைக் காட்டி மடக்குவதுண்டு. 9 நாடுகளில் 364 பிள்ளைகளை வைத்துச் செய்தது. ஐந்து மாதம் கழித்துப் பார்த்ததில், இசை சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆட்டிசக் குறிகளின் கடுமையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். நேர்மையான ஆய்வு. 2022இல் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பொதுவான முன்னேற்றமும் வாழ்க்கைத் தரமும் கூடுவதாகத் தெரிகிறது என்றது. அதையும் யாராவது காட்டலாமே! நான் ஒருபோதும் ஆட்டிசத்தைக் குணமாக்குவேன் என்று சொன்னதில்லை. சொல்கிறவர்களைத்தான் இப்போது மாலை போட்டு அழைக்கிறார்கள். குதிகால் விழுந்த அந்தப் பெண்ணுக்கு அதன்பிறகும் பேச்சு வரவில்லை. ஆனால் பசித்தால் தாத்தாவின் முட்டியில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். எந்த மதிப்பெண் தாளிலும் அதற்குக் கட்டம் இல்லை.

தோட்டமெல்லாம் செம்பனை ஆகி, சனங்கள் செம்போங் பக்கம் ஃபேக்டரி வேலைக்கு வந்துவிட்டார்கள். அடுக்கு வீட்டில் உறுமி தேய்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தால் வீடு அமைதியாகிவிடுகிறது. ஷிஃப்ட் முடிந்து வரும் அம்மாவை நான் எதற்குத் திட்டுவது? என் கோபமெல்லாம் அந்தப் போனையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டி, மணிக்கு இத்தனை ரிங்கிட் என்று வாங்குகிறவர்கள் மேல்தான். போன் பாடும், பிள்ளை எழுந்து போனாலும் பாடிக்கொண்டே இருக்கும்.

திறப்பு விழா முடிந்து சாப்பிடும்போது அறிமுகப்படுத்திய தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல பிள்ளைதான், மரியாதையாகப் பேசினார். "ஐயா, உங்க உறுமிய ஒரு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்துடுங்க, எல்லாக் கிளையிலயும் போட்டுக்கலாம்" என்றார். கிளை வேறு வரப்போகிறதாம். "ரெக்கார்ட் வேணாம் தம்பி, சனிக்கிழமை நீங்களே வீட்டுக்கு வாங்க, குச்சி பிடிக்கக் காட்டுறேன்" என்றேன். சனிக்கிழமை அவருக்கு வகுப்பு இருக்கிறதாம்.