எலும்பு கூடிய பிறகு

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. சாய்ந்து கிடந்த முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும்தான் நாடு படத்தில் பார்த்தது. கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே இருக்கும் எங்கள் செஞ்சிப் பக்கத்திலும் சுவர்கள் விழுந்தன. அதில் ஒன்று என் அத்தை வீட்டு மண்சுவர்.

நான் அங்கே இருந்தேன். ராத்திரி முழுக்கப் பனை ஓலைகள் அடித்துக்கொள்ளும் சத்தம். ஊறிய மண்ணின் வாடையும் நனைந்த அடுப்புச் சாம்பலின் வாடையும் வீடெங்கும் நின்றன. வாசலில் நின்றால் எப்போதும் தெரியும் ராஜகிரி மலையை மழை மறைத்திருந்தது. ஆட்டுக்குட்டியை உள்ளே இழுக்க அத்தை குனிந்தாள். சுவர் சரிந்தது, ஓடினோம், கையாலேயே மண்ணை வாரினோம், கதவைக் கழற்றி அவளைக் கிடத்தினோம், நாலு பேர் தூக்கினோம், ரோட்டில் விழுந்த மரத்தைத் தாண்டி ஒரு டாடா ஏஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். அவள் கத்தவில்லை. மழை கழுவிய முகத்தில் உதடு மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. "காலு எங்கடி இருக்குது?" என்று ஒரு தரம் கேட்டாள்.

உதடு ஏன் வெளுத்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். இடுப்பெலும்பு வளையல் மாதிரியாம், பெரும்பாலும் ஒரே இடத்தில் உடைவதில்லை. முன்னால் ஒரு முறிவு, பின்னால் முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் எலும்பில் இன்னொன்று. கீழ்முதுகில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. வெளியே சொட்டுக்கூடத் தெரியாமல் உள்ளேயே ரத்தம் போயிருக்கிறது.

மாதக்கணக்கில் படுக்கை. புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் போடுவோம். எலும்பு கூடியது. அவள் எழுந்து நடந்தாள். ஊர் அதோடு கதையை முடித்துக்கொண்டது.

நாங்கள் முடிக்கவில்லை. ஒரு கால் குட்டையாகி நடை சாய்ந்தது. மழைக்கு முந்தின நாளே இடுப்பு சொல்லிவிடும். ஆனால் நடப்பதல்ல, உட்காருவதுதான் அவளிடமிருந்து போனது. கோலம் போட, கடலை ஆய, களை பறிக்க, துணி துவைக்க, கொல்லைப் பக்கம் போக, எல்லாவற்றுக்கும் குந்தித்தான் ஆகவேண்டும். சாவு வீட்டில் பெண்கள் தரையில் கட்டிக்கொண்டு அழும்போது அவள் மட்டும் தூணைப் பிடித்து நிற்பாள். திண்டிவனம் பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிப்பாள்.

இன்னொன்றை வருஷங்கள் கழித்து, நானும் ஒரு பொம்பளை என்பதால் சொன்னாள். எங்கே கிளம்பினாலும் முதல்நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். பையில் பழைய புடவைத் துணி மடித்து வைத்திருப்பாள். அந்த முக்கோண எலும்பின் துளைகள் வழியாகத்தான் மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகள் வருகின்றன. அவை நசுங்கியதை எந்த எக்ஸ்ரேயும் காட்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். 1954-இல் விபத்தில் தண்டுவடம் போய், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானவர். கேட்டுவிட்டு அத்தை சொன்னாள்: "மவராசி. அவங்க பொழப்பு கையில இருந்துச்சி. எம்பொழப்பு குந்தறதுல இல்ல இருந்துச்சி."

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. கரையேறியும் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல். மறுபடியும் சுவர்கள். கணக்கெடுக்க வந்த பையன் இடிந்த வீடு, செத்த மாடு என்று எழுதிக்கொண்டிருந்தான். அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு அவனெதிரே போய் நின்றாள்.

"இடுப்பு ஒடஞ்சவங்க எத்தினி பேருன்னு தனியா எழுதுப்பா. ஊட்டக் கட்டிக்கலாம். இவங்கள வருசா வருசம் வந்து கேக்கணும், ஒண்ணுக்குப் போவுதா, குந்த முடியுதான்னு."

அவன் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.