மோட்டாருக்குத் தாகம்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் பெரியவர்களுக்கு ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பது ஞாபகத்துக்கு வரும். இளைஞர்களுக்கோ மோட்டார்த் தொழிற்சாலைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. பிறகு ஒரகடம், வல்லம் வடகால் வரையில் வயல்வெளியெல்லாம் யந்திரசாலைகளாக மாறிவிட்டது. இத்தனை மோட்டார்கள் பிறக்கும் பிரதேசத்துக்கு, கடலில் ஓடி ஓடிக் களைத்த கிழட்டு மோட்டார் ஒன்று வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தது.

அது படகின் பின்புறத்தில் மாட்டும் மோட்டார். 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைகளில் கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகின அல்லவா? அவற்றில் பலவற்றுக்கு இத்தகைய மோட்டார்களே கால்கள். இதைச் சுமந்து வந்தவன், நான் முன்பு பழவேற்காட்டில் உபாத்தியாயராக இருந்தபோது என்னிடம் படித்த பையன். இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான்.

"அரை மணி ஓடினால் கொதிக்கிறது, ஸார். பழைய இரும்புக்குப் போடு என்று ஊரில் சொல்லிவிட்டார்கள்" என்றான்.

புதிய மோட்டார் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். அது கிடைக்காவிட்டால், சொந்தப் படகு வைத்திருந்த தகப்பனார் அறுபது வயதில் பிறர் படகில் பங்குக்குப் போகவேண்டும். விஷயம் அவ்வளவுதான், ஆனால் ஒரு குடும்பத்துக்கு அது சிறிய விஷயமா?

காரில் ஒரே ஜலம் சுற்றிச் சுற்றி வந்து யந்திரத்தைக் குளிர்விக்கும். படகு மோட்டார் அப்படியல்ல. கடலிலிருந்தே உறிஞ்சிக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். தண்ணீருக்குள் இருக்கும் காலில் சிறு சல்லடை உண்டு. அதற்கு மேலே ஒரு கிண்ணத்துக்குள் ரப்பர்ச் சக்கரம் சுழலும். இம்பெல்லர் என்பது அதன் பெயர். கிண்ணத்தின் நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியே அது பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே அதன் இதழ்கள் ஒரு பக்கம் மடங்கி, மறு பக்கம் நிமிர்ந்து, நீரை அள்ளிக் குழாய் வழியாக மேலே தள்ளும். அந்நீரில் சிறிதளவு பக்கத்துத் துவாரம் வழியாகப் பீறிட்டு வெளிவரும். அத்தாரைதான் படகோட்டிக்குச் சாட்சி.

ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை மாட்டி ஓட்டினோம். நூலிழை போலத்தான் தாரை வந்தது. கை வைத்தால் சுட்டது. துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தியும் பயனில்லை. உப்பேறி இறுகிய திருகாணிகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் காலைக் கழற்றினோம். ரப்பர்ச் சக்கரத்தின் ஆறு இதழ்களில் மூன்று முறிந்திருந்தன. தண்ணீரில்லாமல் சில விநாடிகள் ஓடினாலே இந்த ரப்பர் கெட்டுவிடும்.

பையன் புதுச் சக்கரம் வாங்கி வந்தான். ராத்திரி வேலைக்குப் போகுமுன் பொருத்திவிடவேண்டும் என்று அவனுக்கு அவசரம். தகப்பனாரோ டெலிபோனில் ஒரே கேள்வி கேட்டார்: "முறிஞ்ச துண்டு மூணும் கிடைச்சுதா?"

பள்ளிக்கூடத்தில் காலடி வைக்காதவர். பௌதிகம் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை! கிண்ணத்தில் கிடைத்தவை இரண்டே துண்டுகள். மூன்றாவது, நீரோடு மேலே ஏறி எங்கேயோ வழியை அடைத்திருக்கவேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுச் சக்கரத்தைப் போட்டால், கரையில் ஓடும், நடுக்கடலில் கொதிக்கும். குழாயை எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவினோம். உப்பும் மணலும் வந்தன, துண்டு வரவில்லை. கடைசியில் மேலே தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தபோது, அதன் வாயிலேயே கரிய மிளகுபோல் உட்கார்ந்திருந்தது! தெர்மோஸ்டாட்டை அடுப்பில் வெந்நீரில் போட்டு, அது வாய் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

மறுபடி பீப்பாயில் ஓட்டியபோது விரல் கனத்துக்குத் தாரை பீறிட்டது. பையன் சொன்னான்: "தொழிற்சாலையில் நான் தினமும் நாலு திருகாணி முடுக்குகிறேன், ஸார். ஒரு யந்திரத்தை முழுசாகப் பார்த்தது இன்றைக்குத்தான்."

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, கடற்கரைக் குப்பங்களிலிருந்து படகுகள் லாரியேறி வந்தன. முடிச்சூர்ப் பக்கத்துத் தெருக்களில் மீனவர்கள் அடிக்கடி மோட்டாரைத் தூக்கி, சல்லடையில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைக் கையால் பிடுங்கி எறிந்ததை நான் பார்த்தேன். மாடியில் காத்திருந்தவர்களின் உயிர் அன்று அந்தச் சிறு சல்லடையை நம்பித்தான் இருந்தது.

பையன் கடலுக்குத் திரும்பிவிடவில்லை. ஆனால் விடுமுறைக்கு ஊர் போகும்போதெல்லாம் ஸ்பானர்களையும் பையில் போட்டுக்கொள்கிறான். கடலிலிருந்து வந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஓட்டி உப்பைக் கழுவவேண்டும் என்று தகப்பனாருக்கு ஓயாமல் உபதேசம் வேறு செய்கிறானாம்!

நேயர்கள் என்றேனும் படகு சவாரி செய்தால், அலைகளை ரசிப்பதற்கு முன் மோட்டாரின் பக்கத்தைச் சற்றுப் பாருங்கள். தாரை பீறிட்டால் நிம்மதியாக உட்காருங்கள். இல்லையென்றால் உடனே படகோட்டியைக் கூப்பிடுங்கள்.