உப்புத்தாள் எழுப்பும் தூசு

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் பல சிற்பிகளுக்கு வீடும் பட்டறையும் ஒன்றுதான். வாசலை ஒட்டித் தகரக் கொட்டகை. அதற்குள் ஆளுயரப் பெருமாளும் அரையடிப் பிள்ளையாரும் பாதி செதுக்கிய நிலையில். 2020இல் புவிசார் குறியீடு பெற்றவை இந்த மரச்சிற்பங்கள். உளி வேலையின் நேர்த்தியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்க்கப் போனது அதற்கு அடுத்த கட்டத்தை, உப்புத்தாள் போடுவதை.

அறுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர் வாகை மரத்து லட்சுமியின் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். 80ஆம் நம்பர் தாளில் தொடங்கி, 120, கடைசியில் 220. மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு. "வாகைத் தூள் ஏறினா தும்மல் நிக்காது தம்பி" என்றபடி துண்டை அவிழ்த்தார். மூக்கோரத்திலும் கன்ன மடிப்பிலும் மாவு அப்பியிருந்தது. துண்டின் நடுப்பகுதியோ ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. மூச்சு துணி வழியாகப் போகவில்லை, ஓரத்து இடுக்கு வழியாகப் போயிருக்கிறது.

உளி உதிர்க்கும் செதுக்கு காலடியில் விழும், பெருக்கி அள்ளிவிடலாம். தாள் எழுப்பும் பொடி மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். சிலை வழவழப்பாக ஆக ஆக, தூசும் நைசாகி நெஞ்சுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். 1960களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் மேசை நாற்காலி செய்த தொழிலாளர்களிடம், அபூர்வமான மூக்குப் புற்றுநோய் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் பட்டியலில் மரத்தூளையும் பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. இது தெரிந்த பிறகு அந்த ஈரத் துண்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

பெரியவரின் மகன் நீலநிற ஆஸ்பத்திரி முகமூடிக் கட்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதற்கும் ஓரம் திறப்புதான். இந்த வேலைக்கு வேண்டியது என்95 அல்லது எஃப்எஃப்பி2. இந்தியத் தயாரிப்பென்றால் ஐஎஸ் 9473 முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதில் மாட்டுவதைவிட, ஒரு பட்டை உச்சந்தலையிலும் இன்னொன்று பிடரியிலும் இழுத்துப் பிடிக்கும் வகையைத்தான் நான் சொல்வேன். மூக்குக் கம்பியை அழுத்தி, வேகமாக மூச்சை இழுத்தால் முகமூடி லேசாக உள்வாங்க வேண்டும். கன்னத்தோரம் காற்று சில்லென்று பட்டால் எவ்வளவு விலை கொடுத்ததும் வீண்தான். மூச்சை வெளியே விடும் வால்வு இருந்தால் தகரக் கொட்டகை வெக்கையில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம்.

கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி. கிரைண்டர் ஓடும்போது காதடைப்பான். துணிக் கையுறை மட்டும் கிரைண்டர் பக்கமே வரக் கூடாது: சுழலும் வட்டு நூலைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கழுத்தில் தொங்கும் துண்டுக்கும் அதே ஆபத்து. இன்னொன்று, பாலிஷுக்கு ஊற்றும் தின்னர் ஆவியை இந்தத் தூசு முகமூடி தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய வேறு முகமூடி வேண்டும்.

நான் கொண்டுபோயிருந்த ஒன்றை மகன் மாட்டிப் பார்த்தார். சரியாகப் படிந்தது. பெரியவருக்குப் படியவில்லை, முகமெல்லாம் தாடி. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், விரதம் முடியும்வரை சவரம் கிடையாது. தாடி மயிரின் இடுக்கு வழியே காற்று புகுந்துவிடும் என்று சொல்லத் தயங்கினேன். விரதத்தைக் குறை சொல்வதாக ஆகிவிடக் கூடாதே. அவரே முடிவெடுத்தார். "அப்ப மாலையிலே இருக்கற வரைக்கும் நான் உளி வேலை பாக்குறேன். தாள் போடுறது அவன் பொறுப்பு. அதையும் வெளியே, வேப்பமரத்தடியிலே வச்சுக்கட்டும்." மகன் லட்சுமியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.